மல்லாட்டை வந்த வழி

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள், காய் மேலே தெரியும்படி கவிழ்ந்து கிடந்தன. ஆயா குந்தியபடியே ஒரு காயைப் பறித்துக் காதோரம் வைத்து ஆட்டுவாள். உள்ளே பருப்பு உருண்டு கலகலவென்றால் அடுத்த செடிக்கு நகர்வாள். சத்தம் அடைத்துக்கொண்டு வந்தால், “ஈரம் சாவல. இன்னும் ஒரு நாளு கெடக்கட்டும்” என்பாள். வானம் மூட்டம் போட்டால் வீட்டில் எல்லாருக்கும் பதறும். வியாபாரி வேறு வந்து நிற்பார். “ஈரக் காயையே போட்டுடும்மா, எடை கழிச்சுக்கறேன்.” ஆயா அவருக்குப் பதில் சொல்லாமல் தார்ப்பாயை எடுத்துவரச் சொல்வாள்.

ஆய்ந்த காயில் கறுத்தது, சூம்பியது, புழு துளைத்தது எல்லாம் தனியே ஒரு கூடையில் விழும். பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. “கசக்கும்டா, வவுத்துக்கு ஆவாது” என்பாள். சாயந்திரம் அந்தக் கூடை மாட்டுத் தொட்டியில் கவிழும்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு, திண்டிவனத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் நண்பரின் மகன் ஒரு பெரிய கறுப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டினான். கபடி ஆடுகிற பையன். ஊருக்கு ஊர் போட்டிக்குப் போகிறவன். “மாமா, மாஸ்டர் இதத்தான் சாப்பிடச் சொல்றாரு. அப்பா மல்லாட்டையே போதும்ங்கறாரு. எது நல்லது? எதுனால உடம்புக்குக் கெடுதல் வராது?” அந்த டப்பாவில் இரண்டு ஸ்கூப்புக்கு இத்தனை கிராம் புரதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு ஆயாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. அவனுக்கு அன்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கொட்டையின் கதை முழுவதையும்.

மற்ற ஊர்களில் நிலக்கடலை, வேர்க்கடலை என்பார்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் அது மல்லாட்டை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்போம். அங்கே அதற்கு மணிலா என்று பெயர். மணிலாக்கொட்டைதான் வாயில் உருண்டு மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆகியிருக்கிறது. தினமும் சட்னிக்கு அரைக்கிற பொருளின் பேரில் பிலிப்பைன்ஸ் துறைமுகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செடி பிறந்தது அதற்கும் அப்பால். தென் அமெரிக்காவில் இன்றைய பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேருகிற மலையடிவாரத்தில் இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டான வாரிசு இது. ஐரோப்பியர்கள் அங்கே கால் வைப்பதற்குப் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அம்மக்கள் இதைப் பயிரிட்டார்கள். பிறகு இரண்டு கடல்வழிகள். போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் கொண்டுபோனார்கள். ஸ்பெயின்காரர்களின் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே வெள்ளியும் பட்டுமாகப் போய்வந்தன; அந்த வழியில் கொட்டையும் பசிபிக்கைத் தாண்டியது. எங்கள் வட்டாரத்தின் நாக்கு இந்தக் கிழக்கு வழியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

வந்த புதிதில் அது கொறிக்கிற பண்டம். பணப்பயிராக மாறியது பிரான்ஸ் நாட்டு மார்சேய் துறைமுகத்தின் எண்ணெய் ஆலைகளால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோப்புக்கும் சமையலுக்கும் அங்கே எண்ணெய் வித்து போதவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் புதுச்சேரி இருந்தது. புதுச்சேரிக்குப் பின்னால் தென்னாற்காட்டுச் செம்மண் இருந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் செத்து விழுந்து இரண்டு மூன்று வருஷம்கூட ஆகாத நேரம். அந்த ரயிலில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை கடற்கரைக்குப் போனது.

மார்சேய்க்காரர்களுக்கு வேண்டியது எண்ணெய். பிழிந்த பிறகு எஞ்சிய பிண்ணாக்கு மாட்டுக்கும் எருவுக்கும் போனது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிற புரதம் முழுவதும் அந்தப் பிண்ணாக்கில்தான் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் மனிதச் சாப்பாடாக எண்ணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பழைய விதை சோர்ந்துபோய் விளைச்சல் விழுந்தது. மொரீஷியஸ் விதை என்று வெளியிலிருந்து கொண்டுவந்து பயிரை மீட்டார்கள். நல்ல விதைக்கான தேடல் பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமாக நிலைகொண்டது. டி.எம்.வி. என்று தொடங்குகிற மல்லாட்டை ரகங்களின் பேரில் இருப்பது திண்டிவனம்தான். 1940-ல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் வட்டாரத்துக் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. நூறு நாளைக்குச் சற்று மேலே போனால் அறுவடை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை உழவர்கள் இதையே விதைத்தார்கள். 1967-ல் டி.எம்.வி. 7 வந்தது, அதன் மூலம் டென்னசி வொயிட் என்ற அமெரிக்க ரகம். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பியதன் வாரிசு வட அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு மறுபடி திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்த கணக்கு.

இந்தச் செடியின் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மஞ்சள் பூ வெளிச்சத்தில் பூக்கும். கரு உண்டானதும் அடியிலிருந்து ஓர் ஊசி நீண்டு, வளைந்து, மண்ணைக் குத்திக்கொண்டு இறங்கும். காய் பிடிப்பது இருட்டில். அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பிவைக்காது. காயே தன் தோலால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். அதனால்தான் நாற்பது நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள். மண்ணோடு தோல் ஒட்ட வளர்கிற காய் என்பதால், மண்ணில் இருக்கிற எல்லாமே அதற்கு மிக நெருக்கம், நல்லதும் கெட்டதும். அந்தக் கெட்டது உலகத்துக்குத் தெரியத் தொடங்க 1960 வரை ஆனது. அதற்கு முன்பே இந்தக் கொட்டை ஒரு சத்துமாவாக மாறியிருந்தது.

1950 அக்டோபரில் மைசூர் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். விடுதலை பெற்ற நாட்டில் பால் குறைவு, முட்டை குறைவு, பிள்ளைகளுக்குப் புரதப் பற்றாக்குறை. ஆனால் எண்ணெய் ஆலைகளில் மலைமலையாகப் பிண்ணாக்கு. அமெரிக்காவில் சோயாவை வைத்துப் பலநோக்கு உணவு என்று ஒரு மாவு அப்போதே இருந்தது. மைசூர்க்காரர்கள் சோயாவுக்குப் பதில் நம்முடையதை வைத்தார்கள்: சுத்தமாகப் பிழிந்து எடுத்த மல்லாட்டை மாவு முக்கால் பங்கு, கடலை மாவு கால் பங்கு, மேலே வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். நூறு கிராமில் ஏறத்தாழ 42 கிராம் புரதம். அதற்கு இந்தியப் பலநோக்கு உணவு என்று பெயர். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கொஞ்சம், கஞ்சியில் கொஞ்சம் என்று கலந்துகொள்ளலாம். இந்த நாட்டின் புரோட்டீன் பவுடருக்கு மூதாதை அதுதான். அது வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் மரியாதை கூடுகிறது.

கடலை மாவை அவர்கள் சும்மா சேர்க்கவில்லை. மல்லாட்டைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. அரிசியிலும் அதேதான் குறைவு. ஆகவே சோற்றுக்கு மல்லாட்டைச் சட்னி மட்டும் வைத்துச் சாப்பிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். பருப்பு வகையில் லைசின் நிறைய. சாம்பாரோ கொண்டைக்கடலையோ பக்கத்தில் வந்தால் ஓட்டை அடைபடும். இரவு மல்லாட்டையையும் கொண்டைக்கடலையையும் ஒன்றாக ஊறவைத்துக் காலையில் ஓட்டத்துக்குப் போய்வந்து மென்று தின்கிற எங்கள் ஊர்ப் பையன்களின் வழக்கமும், மைசூர் ஆய்வுக்கூடத்தின் முக்கால்-கால் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழத் தொடங்கின. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல். என்ன நோய் என்று தெரியாமல் அதற்கு ‘எக்ஸ்’ என்றே பேர் வைத்தார்கள். தேடிக்கொண்டே போனபோது தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு மல்லாட்டைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்து ஒரு நஞ்சை விட்டுப் போயிருந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பேரைச் சுருக்கி நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். புற ஊதா விளக்கில் நீலமாக மின்னுகிற வகைக்கு பி, பச்சையாக மின்னுகிற வகைக்கு ஜி. ஈரலைத் தாக்குவதில் பி 1 மிகக் கொடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

செய்தி மைசூருக்கும் வந்தது. வந்த விதத்தைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. புரதக் குறைவால் உடல் வீங்கிய 20 பிள்ளைகளுக்கு மருத்துவமாகவே மல்லாட்டைப் புரத மாவு கொடுத்திருக்கிறார்கள். தினம் 30 முதல் 60 கிராம். ஐந்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை. அந்த மாவில் கிலோவுக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் அஃப்ளடாக்சின் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஈரலில் முதலில் கொழுப்பு படிந்தது. சில பிள்ளைகளுக்கு ஈரல் சுருங்கி இறுகியது. 1971-ல் மைசூர் மருத்துவர்களும் உணவு விஞ்ஞானிகளும் சேர்ந்து இதை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். ஈரல் ஏற்கெனவே தளர்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். தேறட்டும் என்று நல்ல மனசோடு ஊட்டிய மாவு. புரதத்தின் அளவை எல்லாரும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள்.

இந்த நஞ்சுக்கு வாசனை இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. வறுத்தால் ஓரளவு குறையும், முழுக்க ஒழியாது. ஊறவைத்துக் கழுவினாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் எண்ணெயில் அது அநேகமாக நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே வடித்த எண்ணெயில் கொஞ்சம் தங்கலாம். பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே நிற்கும். செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் செக்கு மரமா இரும்பா என்று கேட்பதோடு, ஆட்டின பருப்பு எப்படி இருந்தது என்றும் கேட்பது நல்லது.

பூஞ்சணம் எப்போது நுழைகிறது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. காய் முற்றுகிற கடைசி மூன்று நான்கு வாரத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால், அது மண்ணுக்குள்ளேயே நுழையும். புழு துளைத்த காயில் வாசல் திறந்தே இருக்கும். தாமதமாகப் பிடுங்கினால் அதிகம். பிடுங்கியபின் ஈரத்தோடு குவித்து வைத்தால் இரண்டே நாளில் பரவும். பருப்பில் ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அது அடங்கிப்போகும். எங்கள் பக்கத்து மானாவாரி மல்லாட்டை ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்குவது. காய் காயவேண்டிய நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். கொத்து ரகங்களுக்கு உறக்ககாலம் கிடையாது; மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிடத் தொடங்கும். பிடுங்காமலும் இருக்க முடியாது, பிடுங்கினால் காய வைக்கவும் முடியாது. அந்த நான்கைந்து நாளில் ஆயாவின் காதில் கேட்ட கலகல சத்தத்துக்கு ஈரப்பத எண் ஒன்று இருந்திருக்கிறது. அவளுக்கு எண் தெரியாது. சத்தம் தெரியும்.

காயவைப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடி கிராமங்கள் சாட்சி. அங்கே மல்லாட்டை இல்லை, மக்காச்சோளம். அறுவடையில் காலம் தவறி மழை பெய்து, பூஞ்சணம் பிடித்த சோளத்தையே வேறு வழியின்றித் தின்று, நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். ஏழை வீட்டில் கெட்ட தானியத்தைக் கொட்டிவிட முடியாது. அளவு வரம்பு பேசுகிற இடத்தில் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரம்பு இன்று இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அப்படியே சாப்பிடுகிற கொட்டைகளில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேற்கொண்டு பதப்படுத்தப் போவதில் 15. ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் மல்லாட்டைக்கு 4 மட்டுமே. அதனால் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைச் சோதித்துப் பொறுக்குகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டதும், பொறுக்கித் தள்ளியதும் எங்கே போகின்றன என்று கேட்டால் கதை மறுபடி மாட்டுத் தொட்டிக்கு வருகிறது.

சொத்தை மல்லாட்டையும் பூஞ்சணப் பிண்ணாக்கும் தின்ற மாட்டின் ஈரல் பி 1-ஐ மாற்றி எம் 1 என்று பாலில் விடும். எம் என்பதே பாலைக் குறிக்க வைத்த எழுத்து. 2018-ல் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தார்கள். 6,432 மாதிரிகள். யூரியா, சோப்புத்தூள் என்றுதான் எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். அதைவிட அதிகம் அகப்பட்டது இந்த எம் 1: 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் நம்முடையது. காரணம் தீவனம் என்று ஆணையமே சொன்னது. பாலில் யாரும் கலந்ததல்ல. தொட்டியில் போட்டது மடிவழி வந்தது.

கறுப்பு டப்பாவில் இருந்தது வே புரோட்டீன். பாலாடைக்கட்டி செய்யும்போது பால் திரிந்து கட்டி தனியே, தெளிந்த நீர் தனியே பிரியும். அந்தத் தெளிநீரின் புரதத்தைச் சல்லடைபோல வடித்து உலர்த்தினால் இந்தப் பவுடர். எம் 1 பெரும்பாலும் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு தெளிநீரோடும் போகும். ஆக அப்பா சொல்கிற மல்லாட்டைக்கும் மாஸ்டர் சொல்கிற டப்பாவுக்கும் அந்தப் பையன் நினைத்த அளவு தூரம் இல்லை. ஒன்று நேரே வருகிறது, மற்றொன்று மாட்டின் வயிற்றைச் சுற்றி வருகிறது.

டப்பாவைப் பற்றித் தெளிவாகத் தெரிந்ததைச் சொல்லிவிடலாம். கேரளத்தின் ஈரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இந்தியச் சந்தையில் விற்கிற 36 புரதப் பவுடர்களைச் சொந்தக் காசில் வாங்கிச் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரதம் ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. ஏறத்தாழ 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின். சிலவற்றில் பூச்சிமருந்து எச்சம். மூலிகைச் சாறு கலந்தவை ஈரலுக்குக் கூடுதல் கவலை. தரமாக இருந்த பவுடர்களும் இருந்தன. அதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது.

தேவை எவ்வளவு என்று பார்த்தால் சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். தினம் கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு விளையாட்டு ஊட்டச்சத்து அறிஞர்கள் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். கபடிப் பையனும் அதே 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 84 கிராமிலிருந்து 120 வரை. இதில் மல்லாட்டை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். நூறு கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் கூடவே 49 கிராம் கொழுப்பும் 570 கலோரியும் வரும். ஒரு ஸ்கூப் வேயில் அதே 25 கிராம் புரதம் 120 கலோரியில் கிடைத்துவிடும். தசை வளர்க்கிற திறனிலும் வே ஒரு படி மேல். உடம்பு மெலிந்து எடை ஏறவேண்டிய பையனுக்கு மல்லாட்டையின் கொழுப்பு உதவி. எடை குறைக்க நினைப்பவர் படி கணக்கில் கொறித்தால் நடக்காது. ஒரு கைப்பிடி, 30 கிராம், ஏழு எட்டு கிராம் புரதம். இரண்டு கைப்பிடி மல்லாட்டை, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, சாம்பார், தயிர் என்று கூட்டிக்கொண்டே போனால் அவன் கணக்கின் கீழ் எல்லையை டப்பா இல்லாமலே நெருங்கிவிடலாம்.

பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் பவுடர்கள் பலவற்றில் ஆர்ஜினைன் என்று எழுதியிருப்பார்கள். ரத்தக்குழாய் விரிந்து தசைக்கு ரத்தம் நன்றாகப் போகும் என்பது வாதம். மல்லாட்டையில் அது நூறு கிராமுக்கு 3 கிராம் அளவில் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் வாய்வழி ஆர்ஜினைனால் ஆட்டத்தில் பலம் கூடியது என்பதற்குச் சான்று பலவீனமானது. மல்லாட்டைக்காகவும் அந்த வாதத்தை நான் வைக்க மாட்டேன்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தை எந்த ரூபத்தில் ஏற்றுவதானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே. சிலருக்கு மல்லாட்டை ஒவ்வாமை உண்டு. உதடு வீங்கி மூச்சு அடைக்கும், அது அவசரம். நான்கைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் கொட்டையைக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். பாட்டிலில் விற்கிற பீனட் பட்டரை வாங்கினால் பின்பக்கம் பாருங்கள்: மல்லாட்டை, உப்பு என்பதோடு நின்றால் நல்லது, சர்க்கரையும் பாமாயிலும் தொடர்ந்தால் அது மிட்டாய் வகை.

போன மாசம் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். நான் கமிட்டிக்குப் பக்கத்துக் கடையில் உடைத்த பருப்பு இரண்டு கிலோ வாங்கி வைத்திருந்தேன். முறத்தில் கொட்டி இருவரும் உட்கார்ந்தோம். கையால் பொறுக்குவது பழைய வேலைதான். ஆனால் இந்த நஞ்சைக் குறைப்பதில் அதற்கு இன்றும் நல்ல மதிப்பு உண்டு. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரத்தில் சில பருப்பில் குவிந்திருக்கும். அவை பெரும்பாலும் நிறம் மாறியவை, சுருங்கியவை, துளைபட்டவை, முளைவிட்டுக் காய்ந்தவை. பொறுக்கினால் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது, பெரும்பங்கு போகும். வாயில் கசந்தால் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. எண்ணெய் நெடி ஏறிய பழைய சரக்கை வாங்கக் கூடாது. வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும், அடுப்புப் பக்கத்து ஈரத்தில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பொறுக்கினோம். அவனுக்குக் கண் சீக்கிரம் பழகிவிட்டது. நான் விட்டதைக்கூட எடுத்தான்.

“அப்ப பவுடர விட்டுடவா மாமா?”

“போட்டி சமயத்துல ஊர் ஊரா போறப்ப சமைச்சுச் சாப்பிட முடியலன்னா, லைசென்ஸ் நம்பர் இருக்கா, வெளியில சோதன பண்ணின சான்று இருக்கான்னு பாத்து வாங்கு. ஒரு ஸ்கூப் போதும். மூலிகை, பூஸ்டர்னு கலந்தத தொடாத. மத்த நாளுக்கு வீட்டுச் சாப்பாடு.”

தலையாட்டினான். முறத்தின் ஓரத்தில் கழித்த பருப்பு ஒரு பிடி அளவு சேர்ந்திருந்தது. வாசலில் பக்கத்து வீட்டு மாடு கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

“இத அதுக்குப் போட்டுடவா?”

“வேணாம்பா.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனோம். முருங்கைக்கு அப்பால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டினான். கொட்டி மூடினோம்.